பெல்ட்டின் வயதும் கம்பின் அளவும்

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு பள்ளி மைதானத்தைக் கடந்து செல்கிறவர்கள், வெள்ளைச் சீருடையில் வரிசையாக நிற்கும் சிறுவர் சிறுமியரைப் பார்த்திருப்பார்கள். அன்று பெல்ட் தேர்வு என்றால் சுற்றுச்சுவரோரம் பெற்றோரும் திரண்டிருப்பார்கள். குழந்தை ஓர் அடிமுறையைச் செய்து முடிக்க, மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் தாளில் ஏதோ குறித்துக்கொள்வார். மஞ்சள் போய் ஆரஞ்சு வரும். ஆரஞ்சு போய்ப் பச்சை வரும்.

நம் நண்பர் ஒருவரின் மகள் இப்படி மூன்றாண்டுகள் ஏறி நீலம் வரை வந்திருந்தாள். வீடு மாறியதால் வேறு பயிற்சிப் பள்ளியில் சேர்க்கவேண்டியதாயிற்று. புதிய பள்ளி, பழைய சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு வெள்ளையிலிருந்து தொடங்கச் சொன்னது. அந்தப் பெண் கேட்ட கேள்வி எளிமையானது: "எனக்குத் தெரிந்தது எங்கே போயிற்று?" அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நாம் கண்டவற்றையே இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

வண்ண பெல்ட்டுகள் தொன்மையான கீழை மரபு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. உண்மை வேறு. ஜப்பானின் பழைய போர்க்கலைப் பள்ளிகளில் ஆசிரியர் வழங்கிய உரிமச் சுருள்கள்தாம் இருந்தன. ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் செல்லப் பல்லாண்டுகள் ஆகும். 1882இல் டோக்கியோவில் ஒரு பௌத்தக் கோயிலின் அறையில் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ இந்த முறையை மாற்றினார். 'கோ' என்னும் பலகை ஆட்டத்தில் 17ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவந்த 'டான்' என்ற படிநிலையை எடுத்து, 1883இல் தம் மாணவர் இருவருக்கு முதல் டான் வழங்கினார். டான் பெற்றவர்கள் கறுப்புப் பட்டை கட்டும் வழக்கம் 1886 வாக்கில் வந்தது. கானோ பல்லாண்டுகள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தவர் என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். மாணவன் சோர்ந்துபோகாமல் இருக்க, ஏணியில் படிகளை நெருக்கமாக வைத்த ஒரு பள்ளி ஆசிரியரின் ஏற்பாடு அது.

உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தது 1887இல். அதற்கு ஓராண்டு மூத்தது கறுப்புப் பட்டை. அவ்வளவுதான் அதன் தொன்மை. மற்ற நிறங்கள் இன்னும் இளையவை. 1920களிலும் 30களிலும் ஐரோப்பிய ஜூடோ சங்கங்களில் அவை புகுந்தன. பாரிசில் கற்பித்த கவாய்ஷி அவற்றைப் பரவலாக்கினார். கராத்தேயின் தாயகமான ஒக்கினாவாவில் டானும் கிடையாது, வண்ணமும் கிடையாது. அங்கிருந்து 1922இல் டோக்கியோ வந்த ஃபுனகோஷி, கானோவின் முறையைக் கடன் வாங்கி 1924இல்தான் தம் மாணவர்களுக்கு முதன்முதலாக டான் அளித்தார்.

1973இல் வெளிவந்த 'என்டர் தி டிராகன்' திரைப்படம் உலகெங்கும் கிளப்பிய ஆர்வம் சென்னையையும் விடவில்லை. அடுத்த ஆண்டுகளில் இங்கே பெருகிய கராத்தே வகுப்புகளுடன் இந்தப் படிநிலைகளும் சேர்ந்தே வந்தன. 2025 மார்ச்சில் காலமான ஹுசைனியை இந்நகரம் 'ஷிஹான் ஹுசைனி' என்றே அறிந்திருந்தது. ஷிஹான் என்பது மூத்த ஆசிரியருக்குரிய ஜப்பானியப் பட்டம். பட்டம் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத் தரவரிசை நம் ஊரில் வேரூன்றிவிட்டது எனலாம்.

ஆனால் பட்டத்தை வழங்க உரிமை பெற்றவர் யார்? நண்பரின் மகள் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு பாணிக்கும் ஒரு தலைமை. ஒவ்வொரு தலைமைக்கும் ஒரு சான்றிதழ். இவற்றுக்கெல்லாம் மேலிருக்கவேண்டிய அமைப்பின் நிலையும் உறுதியாக இருக்கவில்லை. இந்திய கராத்தே சங்கத்துக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை உலக கராத்தே கூட்டமைப்பு 2020இல் நிறுத்திவைத்தது. அதனால் எந்த மாணவனின் கைகால்களும் கற்றதை மறந்துவிடவில்லை. அவன் கையிலிருந்த காகிதத்தின் மதிப்புதான் கேள்விக்குள்ளானது.

நம் மண்ணின் சிலம்பத்துக்கு வருவோம். இங்கே நிறமில்லை, அளவு உண்டு. கம்பைத் தரையில் ஊன்றினால் அது கற்பவரின் நெற்றியை எட்டவேண்டும் என்பது பரவலான வழக்கம். வணக்கம், காலடி, வீச்சு என்று பாடங்களுக்கு ஒரு வரிசையும் உண்டு. காலடி படியாதவன் கையில் வாத்தியார் கம்பைக் கொடுக்கமாட்டார். ஆறு மாதத்தில் படிந்தவனும் உண்டு, இரண்டு ஆண்டு நின்றவனும் உண்டு. முடிவு செய்வது ஆசானின் கண். இந்த முறையின் வலிமை, ஒவ்வொரு உடலையும் அதனதன் அளவில் பார்ப்பது. அதன் குறையையும் மறைக்கவேண்டியதில்லை: ஆசானின் கண்ணுக்கு மேல்முறையீடு கிடையாது. அவருக்குப் பிடிக்காதவனும், அவர் தம் பாடம் சொல்ல விரும்பாத குடியில் பிறந்தவனும் வாசலிலேயே நின்றுவிட நேரும்.

பொது விதி என்ற எண்ணம் இந்நகரத்துக்குப் புதிதன்று. 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்று நந்தனத்தில், தியாகராய நகருக்கு அண்டையில், மரங்களுக்கிடையே இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியுடன் சென்றவர் பக். அவர் தொகுத்த விளையாட்டு விதிநூல் பல பதிப்புகள் கண்டு, உடற்கல்வி ஆசிரியர்களின் கைநூலாக விளங்கியது. விதி அச்சாகிவிட்டால் அதை யாரும் வாசிக்கலாம், நடுவரிடமே சுட்டிக்காட்டலாம். அச்சு தந்த சமத்துவம் அது. சிலம்பத்துக்கும் அதைச் செய்ய முயன்றவர்கள் உண்டு. ஜே. டேவிட் மானுவேல் ராஜ் 1971இல் காரைக்குடியிலிருந்து வெளியிட்ட ஆங்கில நூல், நுட்பத்தோடு மதிப்பீடு என்பதையும் தலைப்பிலேயே வைத்துக்கொண்டது. 1977இல் அவர் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் சிலம்ப வரலாற்றை ஆய்வேடாகவே அளித்தார்.

இப்போது அந்த மதிப்பீடு வெறும் ஏட்டு விவகாரமாக இல்லை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் 2021இல் சிலம்பமும் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் சென்னையில் தொடங்கிய கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் அது செயல்விளக்கப் போட்டியாக இடம்பெற்றது. கம்பு வீச்சுக்கும் தொடுமுறைக்கும் மதிப்பெண் உண்டு, மதிப்பெண்ணுக்குப் பதக்கம், பதக்கத்துக்குச் சான்றிதழ், சான்றிதழுக்கு, வாய்த்தால், ஒரு குடும்பத்தின் பிழைப்பு. மாலையில் கம்பெடுத்துக்கொண்டு மெரினாவுக்குப் போகும் ஒரு மீனவக் குப்பத்துப் பெண்ணுக்கு இது சிறிய விஷயமன்று. ஆசானின் கண் மட்டும் போதும் என்று அவளிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆகவே தரநிர்ணயம் வேண்டாம் என்பது நம் கட்சியன்று. அது யாருக்காக என்பதே கேள்வி. கானோ படிகளை வைத்தது மாணவன் ஏறுவதற்காக. அதே படிகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டணம் வசூலிக்கும் சுங்கச்சாவடிகளாகவும் ஆகக்கூடும். ஒரு நல்ல தரமுறை முதலில் ஆசிரியரை அளக்கவேண்டும் என்று நாம் கருதுகிறோம். அவர் யாரிடம் எத்தனை ஆண்டு கற்றார், அடிபட்ட குழந்தைக்கு முதலுதவி செய்யத் தெரிந்தவரா, தேர்வில் எதைப் பார்க்கிறார் என்பதை முன்கூட்டி எழுதிக்கொடுப்பாரா என்பவை பெற்றோர் கேட்கவேண்டிய கேள்விகள். தம் மாணவருக்குத் தாமே தேர்வாளராகவும் தாமே கட்டணம் பெறுபவராகவும் ஒருவர் இருக்கலாகாது என்பது அடுத்தது. இவை இருந்தால் பெல்ட் என்ன நிறமாயிருந்தாலும் கேடில்லை.

புறநானூற்றின் 80ஆம் பாடல் நினைவுக்கு வருகிறது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடுகிறார். எந்தக் கால் எங்கே ஊன்றியது, எந்தக் கால் எதைத் தடுத்தது என்று நுட்பமாகச் சொல்கிறார். பரிசைப் பற்றியோ பட்டத்தைப் பற்றியோ பேச்சில்லை. புலவரின் விருப்பம் ஒன்றே: மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, தித்தன் இதைக் காணவேண்டும். தித்தன் அந்தச் சோழனுடைய தந்தை, மகனோடு பகைத்திருந்தவன் என்பர்.

நண்பரின் மகள் இப்போது மீண்டும் வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகிறாள். சென்ற வாரம் புதிய ஆசிரியர் அவளைத் தனியே அழைத்து, பழைய பள்ளியில் கற்றதைச் செய்துகாட்டச் சொன்னாராம். முழுவதையும் பார்த்துவிட்டு, இடது காலை மட்டும் திருத்தினாராம். சுற்றுச்சுவரோரம் நின்ற தந்தையும் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.