இடக்கண் கிடைத்த ஊரும் சத்தமில்லாமல் போகும் பார்வையும்

காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனால் சுந்தரர் கதையை யாராவது சொல்லாமல் விடமாட்டாங்க. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறி எல்லை தாண்டினார், ரெண்டு கண்ணும் போச்சு. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது, திருவாரூரில் வலக்கண். கதையில் பார்வை நொடியில் போகிறது. போனது அவருக்கு உடனே தெரிகிறது. நிஜத்தில் பல பேருக்கு அப்படி நடப்பதில்லை.

காஞ்சி ஜெயேந்திரர் சொன்னதை ஒட்டி 1978ல் சென்னையில் உருவானது சங்கர நேத்ராலயா. அதன் மருத்துவர்கள் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் 40 வயதைத் தொட்ட 3,934 பேரின் கண்களைச் சோதித்து, 2005ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 64 பேருக்கு ஒரு வகை கிளாக்கோமா இருந்தது. அதாவது, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகும் நோய். அவர்களில் தனக்கு நோய் இருப்பது முன்பே தெரிந்தவர் ஒரே ஒருத்தர்!

இன்னொரு எண்தான் என்னை நிறுத்தியது. 64ல் 43 பேருக்குச் சோதித்த அன்று கண் அழுத்தம் சாதாரண அளவில்தான் இருந்தது. தமிழில் இதற்குக் 'கண் நீர் அழுத்த நோய்' என்றே பெயர். அழுத்தமே ஏறாதவருக்கு நரம்பு ஏன் சாகிறது?

கேள்வி பழசு. 1851ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தார். 1858ல் ஹைன்ரிக் முல்லர், அழுத்தம் நரம்பை நசுக்குகிறது என்றார். அதே ஆண்டு எட்வர்ட் யேகர், நரம்புக்கு ரத்தம் போதவில்லை என்றார். முல்லர் கட்சிதான் ஓங்கியது. அழுத்தத்தை அளக்கலாம், குறைக்கலாம். எழும்பூர் கண் மருத்துவமனையில் ராபர்ட் ஹென்றி எலியட் 1909ல் தொடங்கிய அறுவை சிகிச்சையும் கண்ணில் சிறு துளை போட்டு நீரை வடியவிடுவதுதான். ரத்த ஓட்டத்தையோ அன்று பார்க்கக்கூட வழியில்லை.

யேகர் சொன்னதும் வீண் போகவில்லை. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் சுமார் 10 லட்சம் நரம்பு இழைகள் மூளைக்குப் போகின்றன. அவை கண்ணை விட்டு வெளியேறும் இடத்துக்கு ரத்தம் தருபவை மயிரிழை போன்ற நாளங்கள். ரத்தம் தள்ளும் வேகத்துக்கும் கண் எதிர்த்து நிற்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அங்கே ஓட்டம். இரவில் ரத்த அழுத்தம் ரொம்ப இறங்கினால், கண் அழுத்தம் சரியாக இருந்தாலும் நரம்பு பட்டினி கிடக்கலாம். ரத்தம் குறைவதால் நரம்பு சாகிறதா, நரம்பு செத்ததால் ரத்தம் குறைகிறதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

இதில் முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. தறிக்குழியில் உட்கார்ந்து கோர்வை சேர்க்கும் நெசவாளரை நினைச்சுப் பாருங்க. எதிரே இருக்கிற ஜரிகை இழை கடைசிவரை பளிச்சென்று தெரியும். ஒரு கண்ணின் குறையை இன்னொரு கண் மூடி மறைக்கும். வேலை கெடாதவரை சந்தேகமே வராது.

அழுத்தம் சாதாரணமாக இருந்தாலும் அதை இன்னும் குறைப்பதுதான் இன்றைக்கும் சிகிச்சை; மீதிப் பார்வையைக் காக்கலாம். போனது திரும்பாது, இடக்கண்ணும் சரி, வலக்கண்ணும் சரி. அதனால் 40 தாண்டியவர்கள் கண்ணாடி பவர் பார்க்கப் போகும்போது, "நரம்பையும் பாருங்க டாக்டர்" என்று ஒரு வார்த்தை கேளுங்க.