வீக்கம்

கால் வீங்கினால் விரலால் அழுத்திப் பார்க்கலாம், குழி விழும். மண்டையோட்டுக்குள் வீங்கினால் வெளியே எதுவும் தெரியாது. அதனால் ‘மூளை வீக்கம்’ தவறு, ‘மூளையில் நீர்கோத்தல்’ என்பதே சரி என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் மருத்துவர்கள் இதைக் குறிக்கும் எடிமா என்ற கிரேக்க வழிச் சொல்லுக்குமே வீங்குதல்தான் பொருள். வீங்கிய பாதத்தான் என்று பொருள்படும், கிரேக்கத் தொன்மக் கதை மன்னன் ஈடிபஸின் பெயரிலும் அதே வேர்தான். நீர் சேர்வது உண்மை, மறுக்கவில்லை. மூளைக்கு ரத்தம் குறைந்த சில நிமிடங்களில் செல்லின் ஆற்றல் தீர்ந்து, சோடியத்தை வெளியேற்றும் பம்பு ஓய்கிறது; உப்பின் பின்னாலேயே நீரும் உள்ளே புகுகிறது. பிறகு ரத்தக்குழாய்ச் சுவரின் தடுப்பு தளர்ந்து நீரும் புரதமும் கசிகின்றன. அடிபட்ட மூளையில் இந்தக் கசிவு சீக்கிரமே தொடங்கிவிடும். செல்லுக்குள் நீர் புகுவது, குழாயிலிருந்து கசிவது என்ற இவ்விரண்டையும் 1967-இல் நரம்பு நோயியலாளர் இகோர் கிளாட்சோ வகை பிரித்தார்.

ஆனால் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இறுக்கம். எலும்பு விரியாது, அழுத்தம் ஏறி, வரவேண்டிய ரத்தத்தையே நெரிக்கிறது, அதனால் இன்னும் வீங்குகிறது. தமிழில் வீக்குதல் என்றால் இறுகக் கட்டுதல். வீங்குதலுக்கும் இறுகுதல் என்ற பொருள் உண்டு. நீர்கோத்தலில் இந்த இறுக்கம் இல்லை. கடைசி வழியாக மண்டையோட்டில் ஒரு துண்டை அறுத்தெடுக்கும்போதும் மருத்துவர்கள் கோத்த நீரை வடிப்பதில்லை, கட்டைத்தான் தளர்த்துகிறார்கள்.