எட்டாவது பிட்: ஏடு பெயர்த்தலும் கோப்பு பெயர்த்தலும்

எட்கர் தர்ஸ்டனும் கே. ரங்காச்சாரியும் 1909இல் ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்த தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் சேர்வராயன் மலை மலையாளிகளைப் பற்றி எழுதியிருப்பதை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கலாம். 1883இல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடும் 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெஸட்டியரும் அப்படித்தான். தாள் பழுத்திருக்கிறது, ஓரம் உதிர்கிறது, ஆனால் எழுத்து எழுத்தாகவே நிற்கிறது. அதே மலையில், 1990களின் தொடக்கத்தில், அதே மக்களின் வாயிலிருந்து கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்து வைக்கப்பட்ட குறிப்புகளை 30 வருஷம் கழித்து வாசிக்க முடியவில்லை. காலனிய அதிகாரி ஆங்கிலத்தில் எழுதியது கிடைக்கிறது. நம்மாள் தமிழில் எழுதியது கிடைத்தும் கிடைக்காமல் கிடக்கிறது. இதை இயந்திரக் கோளாறு என்று ஒதுக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. எழுத்து எந்தப் பொருளில் தங்குகிறது, அதை வாசிக்கும் சாவி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி இது. அதிகாரம் பற்றிய கேள்வியும்கூட.

மலையாளிகள் என்றதும் கேரளத்தை நினைக்கவேண்டாம். தமிழ் பேசும் மலைக்குடிகள் இவர்கள்; காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறவர்கள். 19ஆம் நூற்றாண்டில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து நட்ட பிறகு மலையின் முகம் மாறியது. பிறகு மேட்டூர் மால்கோவின் அலுமினியத்துக்காக பாக்ஸைட் வெட்டப்பட்டது. எஸ்டேட்டுகளுக்கும் சுரங்கங்களுக்கும் வரைபடம் உண்டு, சர்வே எண் உண்டு. அந்த எண்களுக்கு முன்னால் அந்தக் காட்டுக்கும் ஊற்றுக்கும் மேட்டுக்கும் என்ன பேர் என்பது கிழவர்களின் வாயில் மட்டும் இருந்தது. எனக்குத் தெரிந்த கள ஆய்வாளர் ஒருவர் கிராமம் கிராமமாக நடந்து அந்தப் பேர்களைத்தான் சேகரித்தார். அவர் பேர் இங்கே வேண்டாம்.

அவர் தூக்கிக்கொண்டு நடந்தது தோஷிபா டி1000. 1987இல் சந்தைக்கு வந்த மடிக்கணினி, கிட்டத்தட்ட மூன்று கிலோ. வன்தட்டு கிடையாது. 512 கிலோபைட் நினைவகம், 720 கிலோபைட் கொள்ளும் மூன்றரை அங்குல ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று, சில்லிலேயே எழுதிவைக்கப்பட்ட டாஸ் 2.11, அவ்வளவுதான். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த மலைக்கிராமங்களில் பேட்டரியில் ஓடும் கணினி என்பது பெரிய சங்கதி. ஆனால் அந்த பேட்டரியேதான் பின்னால் எமனாக வந்தது. உள்ளேயே பதித்த நிக்கல்-காட்மியம் பேட்டரி செத்துப்போனால், சுவரிலிருந்து மின்சாரம் கொடுத்தாலும் இந்த ரகம் கிளம்பாது. முதலில் பேட்டரிக்கு மாற்று வைக்கவேண்டும். ஏற்காடு கடல்மட்டத்துக்குச் சுமார் 1500 மீட்டர் மேலே இருக்கிறது. மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃப்ளாப்பியின் காந்தப் பூச்சில் பூஞ்சை படர்ந்தால், அதைத் துடைக்காமல் டிரைவில் போடுகிறவர் டிரைவையும் சேர்த்து இழப்பார்.

ஃப்ளாப்பியை மட்டும் எடுத்து இன்றைய யுஎஸ்பி டிரைவில் போட்டால் போதாதா என்று கேட்கலாம். சில சமயம் போதும். ஆனால் பழைய தட்டு பல சமயம் தன்னை எழுதிய டிரைவுக்குத்தான் வாய் திறக்கும். அந்த டிரைவின் தலை எந்தக் கோட்டில் ஓடி எழுதியதோ அந்தக் கோடு அதற்குத்தான் பழக்கம். எனவே பழைய கணினியையே வாசிக்க வைத்து, அதன் முதுகிலுள்ள சீரியல் வாசல் வழியாகக் கம்பியில் அனுப்புவதுதான் வழி. ஒரு முனையின் பேசும் கம்பி மறுமுனையின் கேட்கும் கம்பியோடு குறுக்கே சேரவேண்டும். இந்தப் பக்கம் யுஎஸ்பியை சீரியலாக்கும் சின்னச் செருகி. விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு முழு ஃப்ளாப்பி வந்துசேரச் சுமார் 13 நிமிஷம். டாஸின் காப்பி கட்டளையோடு ‘பி’ குறியைச் சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் 26 என்ற எண் வரும் இடத்தில் கோப்பு முடிந்துவிட்டதாக நினைத்து நின்றுவிடும்.

தமிழ்க்காரனுக்கென்று தனியாக ஒரு கண்ணி இங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கர்கள் 1963இல் வகுத்த ஆஸ்கி குறிமுறை ஏழு பிட் கொண்டது. 128 இடம், ஆங்கிலத்துக்கு அது தாராளம். பிறமொழிக்காரர்கள் தங்கள் எழுத்தை வைக்க எட்டாவது பிட் திறந்துவிடும் மேல்பாதி 128 இடங்களைத் தேடிப்போனார்கள். பழைய கம்பிகளும் தொடக்ககால மின்னஞ்சல் வழிகளும் பலவேளை ஏழு பிட்டுக்கே அமைந்தவை. அந்த வழியில் மேல்பாதித் தமிழ் போனால் ஒவ்வோர் எழுத்திலிருந்தும் 128 கழிந்து, போய்ச்சேரும்போது அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக இருக்கும். கழிந்தது கழிந்ததுதான், திரும்ப வராது. 1981இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான கெர்மிட் நெறிமுறை இதற்கு ஓர் உபாயம் வைத்திருந்தது: எட்டாவது பிட் உள்ள எழுத்துக்கு முன்னால் ஓர் அடையாளக்குறி போட்டு ஏழு பிட்டாக அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி சேர்த்துக்கொள்ளும். எந்த மொழி குழாயின் அளவுக்குள் தானாக அடங்குகிறது, எந்த மொழி மாறுவேஷம் போட்டுக்கொண்டு போகவேண்டியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கோட்பாட்டு நூலும் சொல்லியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இலங்கைத் தமிழர்கள் பரவலாகப் பயன்படுத்திய பாமினி எழுத்துரு இந்தக் கண்ணியில் பெரும்பாலும் சிக்கவில்லை. அது தமிழ்த் தட்டச்சுப்பொறியின் அமைப்பை ஒட்டி ஆங்கில எழுத்துகள் இருந்த இடங்களிலேயே தமிழை உட்கார வைத்தது. ‘தமிழ்’ என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். எந்தக் கம்பியிலும் பிழைத்துப் போகும். ஆனால் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அது தமிழ் என்று சொல்ல ஒரு தடயமும் இருக்காது.

ஆக, கோப்பைக் கொண்டுவந்து சேர்ப்பது பாதி வேலை. எண்கள் வந்தாலும் எந்த எண் எந்த எழுத்து என்ற சாவி எழுத்துருவுக்குள் இருக்கிறது. அது பழைய இயந்திரத்தோடு போயிற்று என்றால் எழுத்தும் போயிற்று. அந்த நாளில் ஒவ்வொருவரும் தனித்தனிச் சாவி வெட்டினார்கள். கனடாவில் கே. சீனிவாசன் டாஸுக்கு ‘ஆதமி’ செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றி, 1997இல் தமிழ்நெட் மாநாட்டையும் கூட்டினார். சுவிட்ஸர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார்; 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தையும் ஆரம்பித்தார். பட்டியலில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை பாருங்கள். இங்கே டிடிபி சென்டர்களில் ஆளுக்கொரு எழுத்துரு. அதன் விசை அமைப்பு குறைந்த சம்பளத்துக்குத் தட்டிய பெண்களின் விரல்களில் இருந்தது. அச்சுக்கோத்தவர்களின் பேராவது சில பழைய புத்தகங்களின் நன்றியுரையில் கிடைக்கும். இவர்கள் பேர் அதிலும் இல்லை.

தமிழுக்கு இது புதுசு அல்ல என்று சொல்லலாம். ஓலைச்சுவடி அழியும் பொருள். பூச்சி அரிக்கும் முன் புது ஏட்டில் பெயர்த்து எழுதியாக வேண்டும். பெயர்த்தெழுதாத நூல் இறந்தது. ஏட்டில் மெய்க்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. காலும் ரகரமும் ஒன்றுபோலிருக்கும். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் செய்த திருத்தமும் அச்சு வந்தபின் ஏற்பட்ட நிலைபேறும் நமக்குப் பழகிவிட்டதால் இதை மறந்துவிட்டோம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பட்ட பாட்டில் ஒரு பங்கு இந்தப் புள்ளியில்லாத எழுத்தோடு பட்டது. ஆனால் ஏட்டின் சாவி மொழிக்குள் இருந்தது. யாப்பு தெரிந்தவர், இலக்கணம் தெரிந்தவர் குறையை நிரப்பினார். அந்தக் கல்வி எல்லாச் சாதிக்கும் கிடைக்கவில்லை என்பது வேறு கணக்கு, அதைத் தீர்த்தாக வேண்டும். கோப்பின் சாவியோ மொழிக்கு வெளியே, எப்போதோ கடையைக் கட்டிவிட்ட ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் இருக்கிறது. எவ்வளவு இலக்கணம் படித்திருந்தாலும் ஜே, கே, பி, ஓ தமிழாகாது.

பொதுச் சாவி வந்த கதையும் நேர்கோடு இல்லை. இந்திய அரசின் இஸ்கி குறிமுறை இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணை போட்டது. 1988 வடிவத்தை அடியொற்றித்தான் 1991இல் யூனிகோடின் தமிழ்ப்பகுதி அமைந்தது. அந்தப் பகுதியை இன்றும் எடுத்துப் பார்த்தால் ககரத்துக்குப் பக்கத்தில் மூன்று காலி நாற்காலிகள் தெரியும்: தேவநாகரி வர்க்க எழுத்துகள் வந்து உட்காரவேண்டிய இடங்கள். அகரமேறிய ககரம் முதலில், அதன்மேல் புள்ளி வைத்தால்தான் மெய். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் என்ற தொல்காப்பிய முறை இங்கே தலைகீழ். 1999 பிப்ரவரியில் சென்னை மாநாடு டாம், டாப் என்ற குறிமுறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. மின்னஞ்சல் குழுவில் விவாதித்து உருவான டிஸ்கியும் கூடவே புழங்கியது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு டேஸ்16 என்ற அனைத்தெழுத்து முறையையும் அறிவித்தது. பின்னது அலுவலக ஆணையைத் தாண்டி அதிகம் நடக்கவில்லை. இலக்கண நியாயம் டேஸ் பக்கம் இருக்கலாம். ஆனாலும் என் சார்பு யூனிகோடுக்குத்தான். குறையுள்ள பொதுச் சாவி, குறையற்ற தனிச் சாவியைவிட மேல்.

மாற்றும் வேலை எழுத்துக்கு எழுத்து நடப்பதில்லை. பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தன: ‘கொ’ என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, அப்புறம்தான் ஒகரக் குறி. இந்த வரிசையைப் புரட்டிப்போடும் மாற்றிகளைத் தன்னார்வலர்கள்தான் முதன்மையாகச் செய்தார்கள். சுரதாவின் பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்றவை இல்லாவிட்டால் 2000க்கு முந்தைய தமிழ்க் கோப்புகளில் பெரும்பகுதி குப்பை.

ஏற்காட்டுக் குறிப்புகளுக்கு எந்த மாற்றியும் உதவவில்லை; எழுத்துரு யாருக்கும் தெரியாத ஒன்று. கடைசியில் கைகொடுத்தது ஒரு தாள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்த ஒரே ஒரு பக்கம் கோப்புறையில் இருந்தது. அந்தப் பக்கத்தின் எழுத்தையும் கோப்பின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினோம். அதிகம் வரும் எண் எது என்று எண்ணினால் புள்ளி சீக்கிரம் அகப்பட்டுவிடும். மற்றவை மெதுவாக வரும். அந்தப் பக்கத்தில் வராத எழுத்துகள் ஊகத்துக்கு விடப்பட்டன. சாதாரணச் சொல்லில் ஒரு ஓட்டை விழுந்தால் வாக்கியமே அதை நிரப்பிவிடும். ஓர் ஊற்றின் பேரில் ஓட்டை விழுந்தால் எதைக் கொண்டு நிரப்புவது? பேருக்கு இலக்கணச் சூழல் கிடையாது. ஏட்டில் இடப்பெயர்களோடு பதிப்பாசிரியர்கள் திண்டாடியதும் இதனால்தான். ஆக, அவர் எதற்காக மலையேறினாரோ அந்தப் பேர்களில்தான் ஓட்டைகள் தங்கின. அவற்றை நிரப்பக் கணினியிடம் ஒன்றும் இல்லை, திரும்ப அந்த ஊருக்குப் போய்க் கேட்கவேண்டும். சொன்ன கிழவர்களில் பலர் இல்லை. சில பேர்களைப் பேரப்பிள்ளைகள் சொன்னார்கள். சில இன்னும் கேள்விக்குறியோடு இருக்கின்றன.

1990களின் சிறுபத்திரிகைகளுக்கும் துண்டறிக்கைகளுக்கும் இதே கதிதான். அவை கிடைக்கும் இடத்தில் தாளாகத்தான் கிடைக்கின்றன. 1994இல் சென்னையில் தொடங்கிய ரோஜா முத்தையா நூலகம் காப்பது தாளை. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தின் சாம்பலை மறக்காத ஒரு தலைமுறை 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் பெரும்பாலும் அச்சுப்பக்கத்தை ஸ்கேன் செய்துதான் சேமிக்கிறது. அச்சுக்குப் போன பிரதி இப்படிப் பிழைக்கிறது. அச்சுக்குப் போகாத வரைவு, வெட்டப்பட்ட பத்தி, வெளிவராமல் நின்ற கடைசி இதழ், போலீஸுக்குப் பயந்து அடிக்காமல் விட்ட அறிக்கை ஆகியவை ஃப்ளாப்பியில் மட்டும்தான் இருந்திருக்கும். உங்கள் பரணில் அப்படி ஏதாவது இருந்தால் ஃப்ளாப்பியை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். அதன் எழுத்துரு இருந்த தட்டையும், அதே எழுத்துருவில் அச்சான ஒரு பக்கத்தையும் சேர்த்து ஒரே உறையில் போட்டு, எந்தச் சென்டரில் யார் தட்டியது என்று பென்சிலால் உறைமேல் எழுதிவையுங்கள்.