குற்றாலத்துக்கு எந்த வழி?

குற்றாலத்துக்குப் போவதென்று எங்கள் வீட்டிலே தீர்மானம் ஆகிவிட்டது. எப்படிப் போவது என்பதில்தான் தகராறு. அண்ணா கார் கட்சி. "நினைத்த இடத்தில் நிறுத்தலாம். அம்மாவுக்குக் கால் மரத்துப் போனால் இறங்கி நாலடி நடக்கலாம்" என்றார். நான் ரயில் கட்சி. இரவு எழும்பூரில் ஏறிப் படுத்தால் காலையில் தென்காசி. எழுபத்தெட்டு வயதுக்கு அதைவிட வேறென்ன சௌகரியம் வேண்டும்?

அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "அந்த மலைக் குகைக்குள்ளே இன்னும் ரயில் போகிறதா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னைச் சரித்திரத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நாம் அருவியில் குளிக்க வேண்டுமென்று யாரும் அங்கே பாதை போடவில்லை. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் இருக்கிறது. திருவிதாங்கூருக்கும் பாண்டிச் சீமைக்கும் நடுவே வியாபாரிகள் ஏறி இறங்கிய வழி அது. தென்மேற்குப் பருவக்காற்றும் அந்த வழியாகத்தான் நுழைந்து குற்றாலத்தில் சாரலாய்த் தூவுகிறது. ஆக, சரக்குக்கும் சாரலுக்கும் ஒரே வாசல்!

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்கு 1903-ல் ரயில் வந்தது. மறு வருஷம், ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில், மலையைக் குடைந்து கொல்லத்தோடு இணைத்தார்கள். கழுதுருட்டிக்கு அருகே பதின்மூன்று கண் பாலம் அந்த நாளைய கைவேலைக்குச் சாட்சியாக இன்றும் நிற்கிறது. அப்போதெல்லாம் மதுரைக்காரர் ரயிலில் குற்றாலம் வர, திருநெல்வேலியைச் சுற்ற வேண்டியிருந்தது. 1927-ல் விருதுநகர் - தென்காசிப் பாதை திறந்த பிறகே ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக நேரே வர முடிந்தது. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையும் அந்த ஊர்களைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. ஒரே வழிக்காகவா அண்ணாவும் நானும் இரண்டு நாள் சண்டை போட்டோம்!

அம்மா பிறந்தது கொல்லத்தில். தாத்தாவுக்கு அங்கே ஜவுளி வியாபாரம். ஆடிச் சாரலுக்கு அவளைக் குற்றாலத்துக்கு அழைத்து வருவாராம். "குகை வந்ததும் அப்பா என் கண்ணைப் பொத்திவிடுவார். வெளியே வந்த பிறகுதான் கையை எடுப்பார். இந்தப் பக்கத்து வெளிச்சமே வேறே, அப்பா!" என்றாள்.

திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர, குகைக்குள் ரயில் போய்க்கொண்டுதான் இருந்தது. அகல ரயில் பாதை போடுவதற்காக 2010-ல்தான் அது நின்றது. 2018-ல் மறுபடி ஓடத் தொடங்கியது.

"போகிறது அம்மா" என்றேன்.

"அப்படியானால் முதலில் கொல்லத்துக்குப் போவோம். அங்கிருந்து குகை வழியாகக் குற்றாலம் வருவோம்."

அண்ணாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் போட்ட திட்டங்களுக்குள்ளே இவ்வளவு சுற்று வழி ஒன்றுகூட இல்லை. மணியும் பணமும் கணக்குப் பார்த்த எங்களுக்கு, அம்மா எந்தத் திசையிலிருந்து வர விரும்புகிறாள் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

கொல்லத்துக்கு டிக்கெட் வாங்கியாகிவிட்டது. பகல் வண்டிதான் வேண்டும் என்று அம்மாவின் உத்தரவு. குகை வரும்போது அவள் கண்ணைப் பொத்துவது யார் என்பதில்தான் இப்போது எங்களுக்குள் தகராறு.