நுங்கம்பாக்கத்துக்கு ஒரு மழை, அம்பத்தூருக்கு ஒரு மழை

"சென்னையில் இன்று இத்தனை டிகிரி, இத்தனை சென்டிமீட்டர் மழை" என்று செய்தியில் சொல்றாங்க இல்லையா, அந்த எண்கள் பெரும்பாலும் ரெண்டே இடத்திலிருந்து வருது: நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி ஆளுங்க அதைக் கேட்டுட்டு "எங்க பக்கம் அப்படி இல்லையே"ன்னு சொல்றது பழைய பஞ்சாயத்து. இன்னைக்கு அந்தப் பஞ்சாயத்தோட வரலாறு.

நுங்கம்பாக்கம் கதை 1792-ல் தொடங்குது. கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே வானாய்வகம் கட்டினது மழைக்காக இல்லை, நட்சத்திரம் பார்க்க. கப்பல் ஓட்டவும் நிலம் அளக்கவும் அது தேவைப்பட்டது. ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் 1796-லிருந்து வானிலையையும் குறித்து வைத்தார். 1813 முதல் மழை அளவு கிடைக்குது. 1899-ல் வானியல் வேலை கொடைக்கானலுக்குப் போயிடுச்சு, மழைமானி இங்கேயே தங்கிடுச்சு. எங்க வேலையில் சொல்ற மாதிரி, சும்மா ஓரமா எழுதி வச்ச லாக் ஃபைல்தான் கடைசியில் மெயின் ப்ராடக்ட் ஆச்சு.

மேற்கே போனா கணக்கு மாறுது. வெயில் காலத்தில் கடல்காற்று மெரினாவுக்கு முதலில் வரும். ஆவடிக்கு வந்து சேர்றதுக்குள்ள வெயில் தன் வேலையைக் காட்டிடும். அதே கடல்காற்று உள்ளே இருக்கிற சூடான காற்றோட மோதுற இடத்தில் மேகம் கட்டும். அதனாலதான் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அம்பத்தூரில் இடி மழை கொட்டும்போது, கடற்கரைப் பக்கம் ஒரு சொட்டு இருக்காது. அப்புறம் வடகிழக்குப் பருவமழை. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதுவும் சில நாளிலேயே கொட்டித் தீர்த்துடும்.

இந்த மழைக்கு மேற்கில் இருந்த மழைமானி ஏரிதான். மதகு எப்போ திறக்கணும், கலங்கல் எப்போ வழியும் என்பதுதான் அந்த ஊர்களோட பதிவேடு. அம்பத்தூர் ஏரி நிரம்பினா உபரி கொரட்டூர் ஏரிக்குப் போகும். மூணு மாச மழையை வருஷம் முழுக்க இழுத்துப் பிடிக்கிற ஏற்பாடு இது. ஊர் வளர்ந்தப்போ இந்தப் பதிவேட்டு மேலேயே மனை போட்டாங்க. முகப்பேரில் ஒரு குடியிருப்புப் பகுதிக்குப் பேரே 'ஏரி ஸ்கீம்'! இதை யாரும் மறைக்கக்கூட இல்லை, பேரிலேயே எழுதி வச்சிருக்காங்க.

2015 டிசம்பர் 1-ல் தொடங்கின அந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. ஒரே ஊர், ஒரே நாள். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்து விட்டாங்க. அடையாறு கரையில் இருந்தவங்களுக்கு நுங்கம்பாக்கத்துக் கணக்கால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வெள்ளத்தை முடிவு பண்ணினது மேற்கில் பெய்த மழை.

நாலு வருஷம் கழிச்சு அதே செம்பரம்பாக்கம் வறண்டு கிடந்தது. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்து வில்லிவாக்கத்தில் இறங்கியது. ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் ஸ்டேஷன்களைத் தாண்டித்தான் அந்த ரயில் வந்தது. கொரட்டூர் ஏரி அந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கு.