பிடியரிசியில் நடந்த பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடம் நடத்துவது சர்க்காரின் கடமை என்ற எண்ணம் நம் மக்களின் மனத்தில் ஊன்றி நெடுங்காலம் ஆகிவிடவில்லை. அதற்கு முன்பு தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் கற்ற இடங்கள் எல்லாம், இன்றைய வழக்கில் சொன்னால், தனியார் பள்ளிகளே. ஓர் உபாத்தியாயர், அவருக்கு இடம் கொடுத்த ஒரு வீட்டுத் திண்ணை, அவரை நம்பிப் பிள்ளைகளை அனுப்பும் இருபது முப்பது குடும்பங்கள். இவற்றுள் எது நகர்ந்தாலும் பள்ளி கலையும். கட்டணம் எவ்வளவு உயருமோ, நல்ல வாத்தியார் நிற்பாரோ போவாரோ, வருகிற வருஷம் கதவு திறக்குமோ திறக்காதோ என்று இன்று ஒரு நலிந்த பள்ளியின் வாசலில் நின்று மறுகுகிற தாய் தந்தையர், தாம் அறியாமலே, மிகப் பழைய ஒரு கவலையைத்தான் சுமந்து நிற்கிறார்கள்.

அந்தப் பழைய கவலைக்குக் கணக்கே இருக்கிறது. சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, ஜில்லாதோறும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர், யார் செலவில் நடக்கின்றன என்று விசாரித்து எழுதும்படி 1822இல் கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். விடைகள் வந்து சேரச் சில வருஷங்கள் ஆயின. 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில், ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம் ஜனங்கள் வாழ்ந்த ராஜதானியில் 12,498 பள்ளிகள் இருந்தன என்றும், அவற்றில் 1,88,650 பேர் படித்தார்கள் என்றும் காண்கிறோம். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பெற்றோர் தத்தம் சக்திக்கு ஏற்ப மாதம் நாலணாவோ, ஆறணாவோ, எட்டணாவோ கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் உபாத்தியாயருக்கு மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் தேறவில்லை. இவ்வளவு சொற்பமான வருமானத்துக்குத் தகுதியுள்ளவர்கள் எப்படி வருவார்கள் என்று மன்றோ கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் முழுமையாகப் பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

காசாக வந்தது ஒரு பகுதிதான். அறுவடைக் காலத்தில் களத்திலிருந்து நெல் வரும்; கொல்லையில் காய்த்த பூசணியும் அவரையும் பிள்ளையின் கையிலேயே வாத்தியார் வீட்டுக்குப் போகும்; வித்தியாரம்பத்தன்று பரப்பிய நெல்லின்மேல் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவித்த பின் அந்த நெல்லோடு வேஷ்டியும் தக்ஷிணையும் சேரும். நவராத்திரி வந்துவிட்டாலோ, பிள்ளைகள் நன்றாக உடுத்திக் கோலாட்டம் அடித்துப் பாடிக்கொண்டு வீடு வீடாகச் செல்ல, வீட்டுக்காரர்கள் தரும் பணமெல்லாம் உபாத்தியாயருக்கு உரியதாகும். இவையன்றி, ஒரு சுவடி முடிந்து அடுத்த சுவடி தொடங்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு காணிக்கை உண்டு. ஆத்திசூடியிலிருந்து கொன்றை வேந்தனுக்கும், அதிலிருந்து மூதுரைக்கும், எண்சுவடியின் கீழ்வாயிலக்கத்துக்கும் பையன் மளமளவென்று ஏறினால் தகப்பனுக்குப் பெருமை. பெருமையோடு செலவும் ஏறும். புத்திசாலிப் பிள்ளையைப் பெற்ற ஏழைக் குடியானவன் என்ன நினைத்திருப்பான் என்பதை எந்தக் கலெக்டரும் எழுதிவைக்கவில்லை.

திண்ணைப் பள்ளியைப் பற்றிப் பேசும்போது, மணலில் விரல் தேய எழுதியதையும், மூத்த மாணாக்கனான சட்டாம்பிள்ளையின் அதிகாரத்தையும், கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் கோதண்டத் தண்டனையையும் நம்மவர்கள் ரசமாக வருணிப்பார்கள். மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த முறையைச் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார் கைக்கொண்டு, 1797இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார் என்பதும் மெய்யே. ஆனால் இந்தப் பெருமைகளுக்கிடையே ஒன்றை மறக்கலாகாது. மன்றோவின் கணக்கில் வரும் ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் பேரில் பெண் குழந்தைகள் நாலாயிரத்துச் சொச்சமே. ஆதி திராவிடர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் திண்ணை எட்டாத உயரத்திலேயே இருந்தது. அவர்களுக்கென்று கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளி தொடங்கியது 1894இல்தான். பள்ளி நிலைக்குமா என்று கவலைப்படுவதற்குக்கூட ஒரு பாத்தியதை வேண்டியிருந்த காலம் அது.

பாத்தியதை உள்ளவர்களின் நிலைமைதான் எப்படி இருந்தது? அந்நாளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த பெல்லாரி ஜில்லாவின் கலெக்டர் காம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை, இந்த விஷயத்தில் மற்றெல்லாருடைய அறிக்கைகளைக் காட்டிலும் மனம் திறந்து பேசுகிறது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வாழ்ந்த அந்த ஜில்லாவில் 533 பள்ளிகள், 6,641 மாணவர்கள். முன்பு பெரிய பள்ளிகள் இருந்த பல ஊர்களில் இப்போது ஒன்றுமில்லை என்றும், பெருந்திரளான பிள்ளைகள் படித்த இடங்களில் வசதியுள்ளோர் வீட்டுப் பிள்ளைகள் சிலரே எஞ்சியிருக்கிறார்கள் என்றும் அவர் எழுதினார். காரணமும் சொன்னார்: சீமைத் துணி வந்து நெசவை விழுங்கிற்று, நாட்டின் செல்வம் வெளியே போயிற்று, நடுத்தரத்தாரும் ஏழைகளும் பிள்ளையின் படிப்புச் செலவைத் தாங்க மாட்டாதவர்களாகி, அதன் இளங்கை சிறு வேலைக்கு வளையத் தொடங்கியவுடனேயே அதை வேலைக்கு அழைத்துக்கொண்டார்கள். இந்தப் பள்ளிகளில் ஒன்றுகூட ராஜாங்கத்திடம் உதவி பெறவில்லை என்பதைச் சொல்ல வெட்கப்படுவதாகவும் அந்தக் கலெக்டர் எழுதிவைத்தார்.

பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. உ.வே. சாமிநாதையரின் தந்தையார், மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர் எங்கே இருக்கிறார் என்று தேடி, அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று குடும்பத்தோடு இடம் பெயர்ந்து, இராமாயணப் பிரசங்கம் செய்து, அங்கங்கே ஊரார் தந்த தானியத்தில் ஜீவனம் நடத்தினார் என்பதை ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் அறிவார்கள். அத்தகைய தியாகம் எல்லாத் தகப்பன்மார்க்கும் சாத்தியமன்று. நிலத்தை விட்டு அசைய முடியாதவன் என்ன செய்வான்? வாத்தியார் போய்விட்டால் அடுத்த வாத்தியார் வரும்வரை பிள்ளையை மாடு மேய்க்க அனுப்புவான். வரத் தாமதமானால் மாட்டோடேயே பிள்ளை நின்றுவிடும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் வறுமை ஒன்றில் மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வாத்தியாருக்கும் பெற்றோருக்கும் இருந்த சம்பந்தம் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நாள்வரைக்குமே. அவன் நெடுங்கணக்கும் நெல்லிலக்கமும் கற்று இறங்கிவிட்டால், தகப்பனுடைய நாலணாவும் அவனோடு இறங்கிவிடும். பிள்ளையில்லாத வீட்டுக்கும் பிள்ளை வளர்ந்துவிட்ட வீட்டுக்கும் பள்ளியைப் பற்றி அக்கறை கொள்ளக் காரணமே இல்லை. மழை பொய்த்த ஒரு வருஷத்தில் ஐந்தாறு குடும்பங்கள் பின்வாங்கினால், மிச்சமிருப்பவர்கள் கூடுதலாகக் கொடுத்து வாத்தியாரை நிறுத்திக்கொள்வதா, தாங்களும் விலகுவதா என்று யோசிக்க வேண்டி வரும். ஒவ்வொருவரும் தனித்தனியே யோசித்தார்கள், தனித்தனியே விலகினார்கள். 1876ஆம் வருஷத்துத் தாது பஞ்சத்தைப் போன்ற ஒரு கொடுமைக்கு முன்னால் இப்படிப்பட்ட பள்ளி எத்தனை நாள் தாங்கும்?

1854ஆம் வருஷத்து உட் துரையின் கல்விச் சாஸனத்துக்குப் பிறகு ‘கிராண்ட்’ என்ற சர்க்கார் உதவித்தொகை வந்தது. கிராமத்துப் பள்ளிகளுக்குப் பரீக்ஷையில் தேறிய பிள்ளைகளின் கணக்குப்படி பணம் கொடுக்கும் முறையையும் சென்னைக் கல்வி இலாகா கையாண்டது. வாத்தியாரின் கண் களத்து நெல்லிலிருந்து இன்ஸ்பெக்டரின் குதிரைவண்டிக்குத் திரும்பிற்று. வருகைப் பதிவில் பெயர் நிரம்ப வேண்டும் என்பதற்காக, இன்ஸ்பெக்டர் வரும் நாளில் சுற்று வட்டாரத்துப் பிள்ளைகளையெல்லாம் வாரிக்கொண்டுவந்து உட்கார வைத்த கதைகளைப் பழைய தலைமுறையார் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். உபாத்தியாயரே நிர்வாகியுமாக இருந்து நடத்திய உதவி பெறும் பள்ளிகள் பல இவ்விதம் பிழைத்தன. பிள்ளைகள் தங்கினார்களா என்பது வேறு விஷயம். 1929இல் வெளிவந்த ஹார்ட்டாக் கமிட்டியின் அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் 1922-23இல் முதல் வகுப்பில் இருந்த நூறு பேரில் பதினெட்டுப் பேரே 1925-26இல் நாலாம் வகுப்பில் இருந்தார்கள் என்று காட்டிற்று.

இதற்கிடையில், கரிசல் பூமியில் ஓர் ஊர், சர்க்காரையும் எதிர்பார்க்காமல், படிக்கும் பிள்ளையின் தகப்பனை மட்டும் நம்பியும் இராமல், மூன்றாவது வழி ஒன்றைக் கண்டது. அப்போது அதற்கு விருதுபட்டி என்று பெயர். விருதுநகர் ஆனது பின்னால். சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி முதலிய ஊர்களைப் போலவே அங்கும் நாடார் வணிகர்கள் வண்டிப்பேட்டை அமைத்து, பருத்தியும் மிளகாயும் மளிகைச் சரக்கும் வாங்கி விற்றுவந்தார்கள். வியாபாரம் பெருகிற்றே தவிர மரியாதை பெருகவில்லை. கோயில் வாசலில் தடை. அது எவ்வளவு கடுமையானது என்பதைப் பின்வந்த வருஷங்களே காட்டின. 1897இல் கமுதிக் கோயிலில் நுழைந்ததற்காக வழக்கு, அது பிரிவி கவுன்ஸில்வரை போய் 1908இல் தோல்வி. 1899இல் சிவகாசிக் கலகம். பிறர் திண்ணையில் தம் பிள்ளைக்கு எந்த மூலையில் இடம் கிடைக்கும் என்பதை அறிந்திருந்த மக்கள், தமக்கென்று ஒரு திண்ணை வேண்டும் என்று கருதியதில் ஆச்சரியமில்லை.

அவர்களிடம் ஏற்கெனவே மகமை என்ற ஏற்பாடு இருந்தது. விற்கும் சரக்கின்மேல் இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பிரித்து உறவின்முறை என்ற தங்கள் சமூக அமைப்பின் பொதுப் பணமாகச் சேர்ப்பார்கள். முறைகாரர்கள் கணக்கு வைப்பார்கள். பேட்டையும் கிணறும் கோயிலும் அதிலிருந்து எழும். 1880களில் அந்தப் பணத்தைக் கொண்டு க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது. கட்டடம் எழுப்புவது ஒரு தடவைச் செலவு. ஆனால் உபாத்தியாயரின் அடுப்போ நாள்தோறும் எரிய வேண்டுமல்லவா? அதற்குத்தான் பிடியரிசி.

உலையில் அரிசி இடுவதற்கு முன்பு, வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். வாரத்துக்கு ஒரு முறை பள்ளியிலிருந்து ஆள் வந்து வீடு வீடாக அதைச் சேகரித்துப் போவான். சேர்ந்ததை விற்றுப் பள்ளியை நடத்தினார்கள். ஜனங்கள் அதைப் ‘பிடியரிசிப் பள்ளிக்கூடம்’ என்றே அழைத்தார்கள். நெல்லோ தவசமோ வாத்தியாருக்குத் தருவது பழைய வழக்கந்தானே, இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். திண்ணைப் பள்ளிக்கு நெல் அளந்தவன் தன் மகனுக்காக அளந்தான். இங்கே கலயத்தில் அரிசி விழுந்தது எந்தப் பிள்ளைக்காகவும் அன்று. மகன் படிப்பை முடித்து ரங்கூனுக்கோ கொழும்புக்கோ போன வீட்டிலும், மருமகள் இன்னும் வராத வீட்டிலும், குழந்தை இல்லாத வீட்டிலும் அது விழுந்தது. கொடுப்பதை நிறுத்தத் தீர்மானிக்க வேண்டியவரும் ஆண்மகன் அல்லர். சமையல் செய்யும் பெண். ஒரு பிடியைக் குறைப்பதால் அவள் குடும்பத்துக்கு மிச்சம் ஏதும் இராது. குறைத்தால் வாரக் கடைசியில் வாசலுக்கு வருகிறவனுக்கு எதிரே நிற்கவும் வேண்டும். இவ்வளவு சாமர்த்தியமான வரியை எந்தத் திவானும் விதித்ததாக நான் படித்ததில்லை.

உறவின்முறையின் பிடி எல்லாருக்கும் இனிமையாக இருந்திருக்கும் என்று சொல்லவில்லை. மகமை கொடாதவனை ஊர் எப்படி நடத்தும் என்பது ஊகிக்கக்கூடியதே. ஒரு சமூகத்தின் கட்டுப்பாட்டில் நின்ற பள்ளி அது. அந்தக் கட்டுப்பாடு இல்லாத ஊர்களில் பிடியரிசி வாங்கப் போயிருந்தால் கலயம் காலியாகவே இருந்திருக்கலாம். ஆயினும் பஞ்சம் வந்தாலும் வியாபாரம் படுத்தாலும் பள்ளி அடுத்த வருஷம் திறக்குமா என்ற கவலையை ஒரு தகப்பனின் தலையிலிருந்து இறக்கி ஊரின் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்பதில் ஐயமில்லை.

அந்தப் பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் 1903இல் பிறந்த காமராஜர். முதலில் திண்ணைப் பள்ளியிலும் பிறகு க்ஷத்திரிய வித்தியாசாலையிலும் பயின்றார். சின்னஞ்சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவர், பன்னிரண்டு வயதையொட்டிப் படிப்பை விட்டு மாமாவின் ஜவுளிக்கடையில் நின்றார். பள்ளி அவரை வெளியே அனுப்பவில்லை; அதன் கதவு திறந்துதான் இருந்தது. உபாத்தியாயருக்குச் சோறு போடும் வித்தையைக் கண்டுபிடித்த ஊர், பிள்ளையின் வீட்டில் உலை கொதிப்பதற்கு வழி செய்யவில்லை. காம்பெல் பெல்லாரியில் கண்ட அதே காரணம், ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, செழிப்பான ஒரு வணிக ஊரிலும் தன் வேலையைச் செய்தது.

காமராஜர் முதல் மந்திரியான பின் 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது அரிசி போகும் திசை மாறிற்று; வீட்டிலிருந்து வாத்தியாருக்குப் போனது, பள்ளியிலிருந்து பிள்ளைக்குப் போகலாயிற்று. ஆனால் தொடக்கத்தில் அந்த அரிசியும் கஜானாவிலிருந்து முழுதாக வரவில்லை. ஊர்ப் பெரியவர்களும் உபாத்தியாயர்களும் வீடு வீடாகச் சென்று நெல்லும் பருப்பும் விறகும் கேட்டு வாங்கினார்கள். கொடுத்த ஊரில் அடுப்பு எரிந்தது. பின்னரே சர்க்கார் தன் பங்கைக் கூட்டிற்று. 1958இலிருந்து கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் இதே காட்சிதான்: ஒருவர் பெஞ்சு கொடுப்பார், ஒருவர் கடியாரம், ஒருவர் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி, ஒருவர் கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர். கொடுத்தவர் பட்டியலில் பள்ளியில் பிள்ளை படிக்காதவர்களும் இருந்தார்கள்.