விரிச்சி கேட்டவளும் எதிரே வரக் கூடாதவளும்

முல்லைப்பாட்டின் தொடக்கத்தில் ஒரு மாலைக் காட்சி வருகிறது. கார்காலம். அரசன் போர்மேல் போயிருக்கிறான், அரசி தனித்திருக்கிறாள். வயது முதிர்ந்த பெண்கள் சிலர் காவல் மிகுந்த ஊரைக் கடந்து போகிறார்கள். நாழியில் கொண்டுவந்த நெல்லையும் அப்போது அவிழ்ந்த முல்லைப் பூவையும் தூவிக் கைதொழுகிறார்கள். யாராவது பேசும் சொல் காதில் விழட்டும் என்று அங்கேயே நிற்கிறார்கள். அருகில் ஆயர் மகள் ஒருத்தி, குளிரில் நடுங்கும் தோளைக் கையால் அணைத்துக்கொண்டு, தாயைத் தேடித் தவிக்கும் கன்றைப் பார்த்து, இதோ உன் தாய் வந்துவிடுவாள் என்று தேற்றுகிறாள். கன்றுக்குச் சொன்ன அந்தச் சொல்லை அரசிக்கே வந்த நற்சொல்லாக எடுத்துக்கொண்டு முதியவர்கள் வீடு திரும்புகிறார்கள்.

இதற்கு விரிச்சி என்று பெயர். ஆநிரை கவரப் புறப்படும் வீரர்கள் விரிச்சி கேட்பதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சித் துறைகளுள் ஒன்றாக வைக்கிறது. போருக்குப் போகும் ஆணுக்கும் காத்திருக்கும் பெண்ணுக்கும் இது பொதுவான வழக்கம். ஆனால் வீட்டுக்காக விரிச்சி கேட்க நின்றவர் யார் என்பதைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும்.

புறநானூற்றின் 280ஆம் பாடல், மாறோக்கத்து நப்பசலையார் பாடியது, இதற்கு நல்ல சான்று. கணவன் மார்பில் புண்பட்டுக் கிடக்கிறான். வீட்டுக்குள் தும்பி ஒலிக்கிறது. ஏற்றிய விளக்கு நிற்காமல் அணைகிறது. அச்சமூட்டும் ஆந்தைக் குரல் கேட்கிறது. நெல்லும் நீரும் தூவி விரிச்சி பார்த்த முதியவளின் சொல்லும் நிறைவாக அமையவில்லை. சகுனம் அத்தனையும் தீயதாக வந்து குவிந்த அந்த வீட்டிலும், குறி பார்த்துச் சொல்லும் உரிமை அந்தக் கிழவியிடமே இருக்கிறது. இரண்டு பாடல்களும் இந்தப் பெண்களின் முதுமையைத்தான் சொல்கின்றன. கணவன் இருக்கிறானா இல்லையா என்று சொல்லவில்லை.

பறவை, பல்லி, வானம் எல்லாம் அன்றும் குறிகள்தான். தினைப்புனத்துக்குள் நுழைய வந்த காட்டுப்பன்றி பல்லி ஒலித்ததும் மெல்லப் பின்வாங்கித் தன் குகைக்குத் திரும்புவதை நற்றிணை 98 காட்டுகிறது. பரிசில் கிடைக்காத புலவர் வள்ளலைப் பழிக்காமல், வந்த நேரத்தையும் புள்ளையும் நொந்துகொள்வார் என்கிறது புறநானூறு 204. வெள்ளி தெற்கே போனால் மழை பொய்க்கும் என்ற நம்பிக்கை பட்டினப்பாலையிலும் கபிலரின் பாரி பற்றிய பாடலிலும் உண்டு.

மழைக்குறி மட்டும் பிற்காலத்தில் தனி வழியில் போயிற்று. முக்கூடற்பள்ளில் பள்ளர்கள் மழையை எதிர்பார்க்கும் பகுதியைப் படித்தால் இது விளங்கும். மலையாளத் திசையிலும் ஈழத் திசையிலும் மின்னல், கேணித் தவளையின் கூச்சல், சேற்றால் வளையை அடைக்கும் நண்டு, வானம்பாடிக் கூட்டம் என்று அவர்கள் எண்ணிச் சொல்வது முழுக்க வயலில் நின்று கண்ட காட்சி. நண்டு வளையை அடைத்தும் மழை வராவிட்டால் அது மறுநாளே தெரிந்துவிடும். மார்கழியில் சூரியன் பூராடத்தில் இருக்கும் நாட்களில் மேகம் பார்த்து வரும் ஆண்டின் மழையைக் கணிக்கும் கர்ப்போட்டமும் பார்த்துச் சரிபார்க்கக்கூடியதே. தப்பினால் தப்பியது என்று ஒப்புக்கொள்ள அங்கே இடம் இருந்தது.

வீட்டுச் சகுனத்துக்கு அந்தச் சோதனை வரவே இல்லை. பஞ்சாங்கம் அதை அட்டவணையாக்கியது. நற்றிணைப் பல்லி ஒலித்தது. பஞ்சாங்கப் பல்லியோ தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று உடம்பின் ஒவ்வோர் இடத்துக்கும் பலன் சொல்கிறது. எதிர்ப்படும் மனிதர்களும் இப்படியே பட்டியலில் ஏறினார்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1912இல் தென்னிந்தியச் சகுனங்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். புறப்படும்போது எதிரே வரக் கூடாதவை என்று அவர் தொகுத்தவற்றில் வெறும் பாத்திரம், விறகுக்கட்டு, எண்ணெய்க்காரர், பார்வையற்றவர் ஆகியோருடன் கைம்பெண்ணும் இருக்கிறாள்.

இதன் விதை சங்க காலத்திலேயே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். அகநானூறு 86ஆம் பாடலின் திருமணத்தில் மணமகளை நீராட்டுபவர்கள் மகனைப் பெற்ற நான்கு பெண்கள். புறநானூறு 246இல் பெருங்கோப்பெண்டு கைம்மை நோன்பின் கொடுமையை விரித்துச் சொல்லிவிட்டுத் தீயில் இறங்கத் துணிகிறாள். மங்கலப் பெண் ஒருத்தி, நோன்பிருக்கும் பெண் ஒருத்தி என்ற பிரிவு அப்போதே இருந்தது. ஆனால் குறி கேட்டுச் சொல்பவள் தானே குறியாகிப் போனது பெரிய மாற்றம். அந்த முதியவள் இருந்த இடத்தில் அச்சடித்த ஏடு வந்து உட்கார்ந்தது. அவள் வாசலிலிருந்து பின்கட்டுக்குப் போனாள்.

1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு கைம்பெண் மறுமணத்தையும் பெண்களின் சொத்துரிமையையும் ஆதரித்துத் தீர்மானம் போட்டது. சொத்தில் சமபங்கு தமிழ்நாட்டில் 1989இல் சட்டமாயிற்று. தாலி கட்டும் நேரத்தில், கைம்பெண் என்பதால் பெற்ற தாயே தூணுக்குப் பின்னால் நிற்கும் வழக்கத்தை எந்தச் சட்டமும் தொடவில்லை. எங்கள் பக்கத்துத் திருமணங்களில் இன்றும் அதைப் பார்க்கிறேன்; யாரும் அவளைப் போகச் சொல்வதில்லை, அவளாகவே ஒதுங்கிவிடுகிறாள்.

நாட்டார் வழக்காறு படிக்கும் மாணவர்கள் சகுனம் பற்றித் தகவல் திரட்டும்போது பெரும்பாலும் சோதிடரையும் பூசாரியையும் ஊர்ப் பெரியவரையுமே தேடிப் போகிறார்கள். அந்தத் தூணுக்குப் பின்னால் நிற்பவளிடமும் போய் உட்காருங்கள். அவள் பார்த்த சகுனங்களை அவள் வாயாலேயே கேட்டு எழுதி வாருங்கள்.